லேபிள்ல இருக்கிற அந்த 27.4 சதவீதம் எப்படி வருது? கஞ்சா, ஹெம்ப் லேப் டெஸ்டிங் பத்தி கொஞ்சம் விரிவா

கஞ்சாவை சட்டப்படி விக்கிற இடங்கள்ல ஒரு பாக்கெட்டை எடுத்துப் பாத்தா பெருசா ஒரு நம்பர் போட்டிருக்கும், டிஎச்சி (போதை தர்ற பொருள்) 27.4 சதவீதம்னு. அந்தப் புள்ளிக்கு அப்புறம் வர்ற 4-ஐ பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும், ஏன்னா அதே செடில உச்சில இருந்து ஒரு மொட்டு, அடிக்கிளைல இருந்து ஒரு மொட்டு எடுத்து டெஸ்ட் பண்ணா புள்ளிக்கு முன்னாடி இருக்கிற 7-ஏ தாங்காது, மாறிடும். ஆனா வாங்குறவங்க அந்த நம்பரைப் பாத்துதான் வாங்குறாங்க, கடைக்காரங்க அதைப் பாத்துதான் ரேட் பேசுறாங்க, ஹெம்ப் (போதை ரொம்பக் கம்மியா இருக்கற கஞ்சாச் செடி) பயிர் பண்றவங்களுக்கு அதே மாதிரி ஒரு நம்பர்தான் வயலை அறுக்கணுமா அழிக்கணுமான்னு முடிவு பண்ணுது. அதனால அந்த நம்பர் எப்படி உருவாகுதுன்னு பாத்துடலாம். நான் முன்னாடியே சொல்லிடறேன், லேப்ல இருக்கிற மெஷின் பெரும்பாலும் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. மெஷினுக்குள்ள போற சாம்பிள் எங்க இருந்து வந்துச்சு, வெளிய வர்ற ரிப்போர்ட்டுக்கு யாரு காசு குடுக்கறாங்க, வில்லங்கம் எல்லாம் இந்த ரெண்டு இடத்துலதான்.

முதல்ல கொஞ்சம் கெமிஸ்ட்ரி. கஞ்சாவும் ஹெம்ப்பும் ஒரே செடி வகைதான், கன்னாபிஸ் சடைவா. இந்தச் செடில இருக்கற, போதை தராத சிபிடியை 1940-ல அமெரிக்கால ராஜர் ஆடம்ஸ் பிரிச்செடுத்தாரு, டிஎச்சியை 1964-ல இஸ்ரேல்ல கயோனியும் மெகூலமும் சுத்தமா பிரிச்சு அதோட அமைப்பைச் சொன்னாங்க. ஆனா உயிரோட இருக்கிற செடில டிஎச்சி கிட்டத்தட்ட இல்லவே இல்ல, இது நிறைய பேருக்குத் தெரியாது. செடி செய்யறது டிஎச்சிஏ, அதாவது அமில வடிவம். பூவுல மினுமினுன்னு கண்ணாடித்தூள் மாதிரி தெரியுற ட்ரைக்கோம்ங்கிற சின்ன சுரப்பிகள்ல இது பிசினோட பிசினா சேர்ந்து கிடக்கும். சூடு பட்டா இதுல இருந்து ஒரு கார்பன் டை ஆக்ஸைடு கழண்டு போயிடும், மிச்சம் இருக்கறதுதான் போதை தர்ற டிஎச்சி. சிபிடிக்கும் இதே கதைதான், சிபிடிஏவா இருந்து சிபிடி ஆகுது.

இந்த ஒரு விஷயத்தால டெஸ்டிங்ல பெரிய தலைவலி. ஜிசின்னு சொல்ற கேஸ் குரோமடோகிராஃபி மெஷின்ல சாம்பிளை உள்ள விடற இடமே 250 டிகிரிக்கு மேல கொதிக்கும், அதுல விட்டதும் டிஎச்சிஏ எல்லாம் டிஎச்சியா மாறிடும் (முழுசா மாறாது, கொஞ்சம் பாழாயும் போகும்), அதனால பூவுல எது எவ்வளவு இருந்துச்சுன்னு தனித்தனியா சொல்ல முடியாது. எச்பிஎல்சின்னு சொல்ற லிக்விட் குரோமடோகிராஃபில சூடு கிடையாது, ரெண்டும் தனித்தனியா வரும். அப்புறம் லேப் ஒரு கணக்கு போடும், மொத்த டிஎச்சி = டிஎச்சி + 0.877 × டிஎச்சிஏ. அந்த 0.877 வேற ஒண்ணும் இல்ல, டிஎச்சியோட மூலக்கூறு எடை 314, டிஎச்சிஏவோடது 358, ஒண்ணை ஒண்ணால வகுத்தா வர்றது. கார்பன் டை ஆக்ஸைடு போனதும் எடை குறையுது இல்லையா, அதுக்கான கழிவு. டிஎச்சிஏ 24 சதவீதம், டிஎச்சி 1 சதவீதம் இருக்கிற பூவுல மொத்த டிஎச்சி 22 சதவீதம்தான், 25 கிடையாது. லேபிள்ல எந்த நம்பரைப் போட்டாங்கங்கிறதைப் பொறுத்து ஒரே பூ ரெண்டு விதமா விக்கும்.

இப்ப சாம்பிளுக்கு வருவோம். என் கணக்குல கதையோட பாதி இங்கதான் இருக்கு. கலிஃபோர்னியாவை எடுத்துக்குங்க, அங்க அறுவடை பண்ண பூ ஒரு பேட்ச்னா அதிகபட்சம் 50 பவுண்டு, கிட்டத்தட்ட 23 கிலோ. அதுல லேப் ஆளு வந்து அங்கங்க கைவிட்டு எடுக்கற சாம்பிள் மொத்த எடைல குறைஞ்சது 0.35 சதவீதம் இருக்கணும், அதாவது சுமார் 80 கிராம். அந்த 80 கிராமை எல்லா டெஸ்டுக்கும் பங்கு போடணும், வீரியம், அதாவது டிஎச்சி எவ்வளவுன்னு பாக்கற டெஸ்டுக்கு அரைச்ச தூள்ல கொஞ்சமே கொஞ்சம்தான் போகும். அதையும் கரைச்சு, நீர்க்க வெச்சு, கடைசில மெஷின் ஊசி உறிஞ்சறது சில மைக்ரோலிட்டர். 23 கிலோ பூவைப் பத்தி தீர்ப்பு சொல்றது கண்ணுக்கே தெரியாத ஒரு துளி.

அந்த அரைக்கிற வேலையை கிட்ட நின்னு பாத்தா இன்னும் புரியும். பூ பிசுபிசுன்னு இருக்கும், அப்படியே கிரைண்டர்ல போட்டு ஓட்டுனா பிளேடு சூடாகி பிசின் எல்லாம் ஸ்டீல் சுவர்ல போய் பழுப்பா ஒட்டிக்கும், டியூபுக்குப் போறது வெறும் இலைத்தூள், ரிசல்ட் கம்மியா வரும். அதனால நல்ல லேப்ல பூவை லிக்விட் நைட்ரஜன்லயோ டிரை ஐஸ்லயோ உறைய வெச்சு, மொறுமொறுன்னு ஆனதும் அரைப்பாங்க, ஆனா அப்ப வேற பிரச்சனை, ட்ரைக்கோம் எல்லாம் உடைஞ்சு பொடியா உதிர்ந்து அடில போய் தங்கும், ஸ்பூனை அடில விட்டு எடுத்தா ரிசல்ட் எகிறும், மேல எடுத்தா இறங்கும். தூளை நல்லா கலக்கிட்டு, பல இடத்துல இருந்து கிள்ளி எடுத்து, துல்லியமான தராசுல நிறுத்து, மெத்தனால்லயோ எத்தனால்லயோ போட்டு சோனிகேட்டர்ல குலுக்கி, சுத்தவிட்டு, பொடி ஃபில்டர்ல வடிகட்டி, அப்புறம்தான் மெஷின். மெஷின்ல ஒவ்வொரு பொருளும் அதுக்குன்னு இருக்கற நிமிஷத்துல வெளிய வரும், ஸ்க்ரீன்ல ஒரு மலை மாதிரி ஏறி இறங்கும், அந்த மலையோட பரப்பை வெச்சு அளவு. இது எல்லாத்தையும் ஒழுங்கா பண்ற அனலிஸ்டுக்கும், வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவசரத்துல பண்ற அனலிஸ்டுக்கும் வித்தியாசம் வரும்தானே. நேர்மையான லேப்லயே இப்படின்னா, நம்பரை ஏத்தணும்னு ஒருத்தர் நினைச்சுட்டா மெஷினைத் தொடவே வேண்டாம், நல்ல உச்சி மொட்டா பாத்து சாம்பிள்ல போட்டா போதும். இன்னும் துணிஞ்சவங்க உதிர்ந்த ட்ரைக்கோம் பொடியை பூ மேலயே தூவி விடறதும் உண்டு.

ஹெம்ப்ல இந்த விளையாட்டு தலைகீழ், அங்க நம்பர் கம்மியா வரணும். ஹெம்ப்புன்னா டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு அமெரிக்காவோட 2018 விவசாயச் சட்டம் சொல்லுது, ஐரோப்பிய யூனியன்ல 0.2-ஆ இருந்ததை 2023-ல இருந்து 0.3 ஆக்குனாங்க, சுவிட்சர்லாந்துல 1 சதவீதம். இந்த 0.3 எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, 1976-ல எர்னஸ்ட் ஸ்மால்ங்கிற கனடா தாவரவியல் ஆளும் ஆர்தர் கிரான்க்விஸ்டும் செடிகளை வகைப்படுத்தறதுக்காக எங்கயாவது ஒரு கோடு போடணுமேன்னு போட்ட கோடு அது. இது நாங்களா வெச்சுக்கிட்ட எல்லைதான்னு அவங்களே எழுதியிருக்காங்க. போதை இங்க ஆரம்பிக்குதுன்னு அவங்க யாரும் சொல்லல. வகைப்பாட்டுக்குப் போட்ட கோடு பல வருஷம் கழிச்சு ஜெயிலுக்கும் வயலுக்கும் நடுவுல வேலியா மாறிடுச்சு.

சிபிடிக்காக ஹெம்ப் போடறவங்களுக்கு இந்தக் கோடு சரியான இம்சை. சிபிடி செய்யற அதே என்சைம் கூடவே கொஞ்சம் டிஎச்சியும் செய்யும், ரெண்டும் தோராயமா 20-க்கு 1, 30-க்கு 1ங்கிற விகிதத்துல சேர்ந்தேதான் ஏறும். 25-க்கு 1னு வெச்சுக்கிட்டா, சிபிடி 10 சதவீதம் வரும்போது டிஎச்சி 0.4, கோட்டைத் தாண்டியாச்சு. செடி என்ன தப்பு பண்ணுச்சு, நல்லா வளர்ந்துச்சு, அவ்வளவுதான். அதனால நிறைய பேர் பூ முழுசா முத்தறதுக்கு முன்னாடியே வெட்டிடுவாங்க. அமெரிக்க விவசாயத் துறையோட 2021 விதிப்படி அறுவடைக்கு முன்னாடி 30 நாளுக்குள்ள சாம்பிள் எடுக்கணும், அதுவும் பூ இருக்கற நுனில இருந்து 5 முதல் 8 இன்ச். நுனில எடுக்கணும்னு சொன்னதுமே நம்பர் கூடத்தான் வரும், தண்டு இலை எல்லாம் சேர்த்து அரைச்சா குறையும். கணக்கு வேற காய்ஞ்ச எடைக்குத்தான். ஈரம் 10 சதவீதம் இருக்கற சாம்பிள்ல 0.28 வந்தா பாஸ்னு நினைப்போம், ஈரத்தைக் கழிச்சா 0.31, ஃபெயில். இதுக்கு ஒரு ஆறுதல், அளவீட்டுல இருக்கற நிச்சயமின்மையையும் லேப் சொல்லியாகணும். ரிசல்ட் 0.35, மேலயோ கீழயோ 0.06 தள்ளி இருக்கலாம்னு வந்தா கீழ் எல்லை 0.29, அதனால பயிர் பாஸ். இந்த விதியை எழுதுனவங்களுக்கு லேப் வேலை தெரிஞ்சிருக்கு, அதைப் பாராட்டணும்.

போலீஸ் பக்கம் இது எப்படி வெடிச்சதுன்னு பாத்தா இன்னும் சுவாரஸ்யம். ரொம்ப காலமா கஞ்சாவைக் கண்டுபிடிக்க டுகெனாய்-லெவின்னு ஒரு கலர் டெஸ்ட், கெமிக்கலை ஊத்துனா ஊதா கலர் வரும், முடிஞ்சுது கேஸ். ஆனா ஹெம்ப்புக்கும் அதே ஊதாதான் வரும். டெக்ஸாஸ்ல 2019 ஜூன்ல ஹெம்ப்பை சட்டபூர்வமாக்குனதும், கைல பிடிச்ச இலை 0.3-க்கு மேலயா கீழயான்னு அளந்து சொல்ற வசதி பெரும்பாலான லேப்ல இல்ல, அரசு வக்கீல்கள் கொத்துக் கொத்தா கேஸை கைவிட்டாங்க. அதுவரைக்கும் இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்த லேப்களுக்கு, எவ்வளவு இருக்குன்னு சொல்ற வேலை முழுக்க வேற. சுவிட்சர்லாந்துல புழங்கற இன்னொரு கலர் டெஸ்ட்ல டிஎச்சி தூக்கலா இருந்தா நீலம், சிபிடி தூக்கலா இருந்தா சிவப்பு பக்கம் போகும், அது கொஞ்சம் தேவலாம், ஆனா அதுவும் அளவு சொல்லாது.

சரி, பூ டெஸ்ட் ஆயிடுச்சு, அடுத்தது ப்ராசஸிங். பிசினைப் பூவுல இருந்து பிரிக்கறதுதான் வேலை. கெமிக்கலே இல்லாம ஐஸ் தண்ணில கலக்கி சல்லடைல வடிகட்டலாம், சூடான ரெண்டு பிளேட்டுக்கு நடுவுல வெச்சு அமுக்கியும் எடுக்கலாம். பெரிய அளவுல போனா மூணு வழி. குளுகுளு எத்தனால் வேகமா நிறைய பண்ணும், ஆனா பச்சையத்தையும் இழுத்துட்டு வரும், அதுக்குத்தான் மைனஸ் 40 மாதிரி குளிர்ல ஓட்டறது. பியூட்டேன், ப்ரோப்பேன் வாசனையை நல்லா காப்பாத்தும், ஆனா பியூட்டேன் கொதிக்கறதே மைனஸ் அரை டிகிரில, காத்தை விட கனம், தரையோட தரையா படர்ந்து எங்கயோ ஒரு ஸ்விட்ச் பொறில வெடிக்கும், வீட்டுல பண்ணி வெடிச்ச சம்பவங்கள் இதாலதான். மூணாவது கார்பன் டை ஆக்ஸைடு, 31 டிகிரிக்கும் சுமார் 74 பார் அழுத்தத்துக்கும் மேல போனா அது வாயுவும் இல்லாம திரவமும் இல்லாம ஒரு நிலைக்குப் போகும், அந்த நிலைல எண்ணெயைக் கரைச்சு இழுக்கும், அழுத்தத்தை இறக்குனா பறந்துடும், மிச்சம் எதுவும் வைக்காது. மெஷின் விலைதான் கண்ணைக் கட்டும். இதுக்கப்புறம் எத்தனால்ல கரைச்சு ஃப்ரீசர்ல வெச்சு மெழுகை உறைய விட்டு வடிகட்டறது, சூடாக்கி அமில வடிவத்தை மாத்தறது, வேக்யூம்ல காய்ச்சி வடிக்கறதுன்னு போய் கடைசில தேன் கலர்ல டிஸ்டிலேட் வரும்.

பிரிச்செடுக்கறதுன்னா அடர்த்தி ஆக்கறதும்தான். இங்கதான் டெஸ்டிங்கோட கதையும் மாறுது. சிபிடி 10, டிஎச்சி 0.3 இருக்கற சட்டபூர்வமான ஹெம்ப்பை எடுத்து 80 சதவீத சிபிடி எண்ணெய் ஆக்குனா, டிஎச்சியும் கூடவே எட்டு மடங்கு ஏறி 2.4 ஆகும். வயல்ல சட்டம், டேங்குக்குள்ள குற்றம். 2020 ஆகஸ்ட்ல அமெரிக்க போதைத் தடுப்பு அமைப்பு டிஇஏ கொண்டு வந்த இடைக்கால விதில, ஹெம்ப்ல இருந்து எடுத்ததா இருந்தாலும் 0.3-ஐத் தாண்டிட்டா அது தடைப் பட்டியல்ல இருக்கற பொருள்தான்னு எழுதுனதும், ப்ராசஸர்களுக்கு தூக்கம் போச்சு, ஏன்னா நடுவுல ஒரு கட்டத்துல தாண்டாம இந்த வேலையைச் செய்யவே முடியாது. பூச்சி மருந்துக்கும் இதே கணக்குதான். பல பூச்சி மருந்து எண்ணெய்ல கரையுற சாதி, பூவுல தேடுனாலும் மாட்டாத அளவுல இருந்தது எண்ணெய்ல ஏழெட்டு மடங்காகி நிக்கும். பூ ஃபெயில் ஆனா எண்ணெய் ஆக்கிடலாம்னு பழைய பழக்கம் ஒண்ணு உண்டு. பூஞ்சைக்கு அது ஓரளவு சரி, எத்தனால்லயும் சூட்டுலயும் செத்துடும். பூச்சி மருந்துக்கு அது சுத்தத் தப்பு.

பாதுகாப்பு டெஸ்டுல என்னென்ன பாக்கறாங்கன்னா, லிஸ்ட் பெருசு. கலிஃபோர்னியால 66 பூச்சி மருந்து, அதுல 21 தெரிஞ்சாலே ஃபெயில். இதுல மைக்ளோபியூட்டனில்னு ஒண்ணு தனியா சொல்லணும், திராட்சைத் தோட்டத்துல அனுமதி உள்ள பூஞ்சைக்கொல்லிதான், சாப்பிடற பொருளுக்கு ஒரு அளவு வெச்சு விட்டுடறாங்க, ஆனா பத்த வெச்சா ஹைட்ரஜன் சயனைடு விடும். சாப்பிடற பொருளுக்குப் போட்ட எல்லையை புகைக்கற பொருளுக்கு அப்படியே தூக்கி வெக்க முடியாதுங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது. அதே மாதிரி உலோகங்கள். ஹெம்ப் மண்ணுல இருக்கற காட்மியம், ஈயத்தை எல்லாம் நல்லா உறிஞ்சும், செர்னோபில் பக்கம் மண்ணைச் சுத்தம் பண்ண 1990-கள் கடைசில ஹெம்ப் போட்டுப் பாத்தாங்க. மண்ணைச் சுத்தம் பண்ணுதுன்னு பெருமையா சொல்றவங்க, சுத்தம் பண்ண அழுக்கு செடிக்குள்ளதானே போயிருக்குங்கறதைச் சொல்ல மாட்டாங்க. ஐசிபி-எம்எஸ்னு ஒரு மெஷின்ல பிளாஸ்மால போட்டு எரிச்சு உலோகத்தை எண்ணுவாங்க, கலிஃபோர்னியால உள்ள இழுக்கற பொருளுக்கு ஈயம் கிராமுக்கு 0.5 மைக்ரோகிராம், காட்மியம், ஆர்சனிக் 0.2, மெர்க்குரி 0.1. வேப் கார்ட்ரிட்ஜ்ல (எண்ணெயை ஆவியாக்கி இழுக்கற கருவில மாட்டற குப்பி) இன்னொரு வேடிக்கை, எண்ணெய் சுத்தமா இருக்கும், கார்ட்ரிட்ஜோட பித்தளை, சால்டர் பாகத்துல இருந்து ஈயம் எண்ணெய்க்குள்ள கசியும். அதனால எண்ணெயை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு கடைசிப் பொருளை விட்டுட்டா அந்த ரிப்போர்ட்ல பாதி அர்த்தம் இல்ல.

பூஞ்சைக்கு ஆஸ்பர்ஜில்லஸ்ல நாலு வகையை டிஎன்ஏ வழியா தேடறாங்க, ஒரு கிராம்ல ஒண்ணு தெரிஞ்சாலும் ஃபெயில். ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு அது பெரிசா ஒண்ணும் பண்ணாது, கீமோதெரபில இருக்கறவங்க, உறுப்பு மாற்று பண்ணவங்க மாதிரி எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு நுரையீரல்ல போய் உக்காந்தா உயிருக்கே ஆபத்து, மருந்தா இதை எடுக்கறவங்கள்ல அவங்களும் நிறைய. ஃபெயில் ஆன பூவை எக்ஸ்ரே, காமா கதிர் காட்டி பூஞ்சையைக் கொன்னுட்டு திரும்ப டெஸ்ட் பண்ணி விக்கறதும் பல இடத்துல அனுமதி. பூஞ்சை செத்துடும், அது ஏற்கனவே விட்ட நச்சு அப்படியே இருக்கும், அதனாலதான் அஃப்ளாடாக்ஸின் டெஸ்ட் தனியா. தண்ணிச் செயல்பாடு, அதாவது பூஞ்சை எடுத்துக்கற மாதிரி இருக்கற ஈரத்தோட அளவு, 0.65-க்குள்ள இருந்தா பூஞ்சை வளராது, அதையும் அளப்பாங்க.

சாப்பிடற ஐட்டங்கள் பெரிய தலைவலி. சாக்லேட்ல இருக்கற கொழுப்பு டிஎச்சியைப் பிடிச்சு வெச்சுக்கும். 2019-ல அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மாநாட்டுல ஒரு லேப் ஆளுங்க காட்டுனாங்க, அதே சாக்லேட்ல 1 கிராம் போட்டு டெஸ்ட் பண்ணா டிஎச்சி கூட வருது, 2 கிராம் போட்டா கம்மியா வருது. சாம்பிள் அதிகம் போட்டா இன்னும் துல்லியமா வரும்னுதான் யாரும் நினைப்பாங்க. இதுல ஏமாத்து எதுவும் இல்ல, கொழுப்போட குணம் அது. ஆனா அந்த வித்தியாசத்துல ஒரு பாக்கெட் அதிகமா வலுவா மார்க்கெட்டுக்கு வந்துடலாம்.

லேப் எதைத் தேடுதோ அதைத்தான் கண்டுபிடிக்கும், இதை 2019 ரொம்ப கொடூரமா காட்டுச்சு. அமெரிக்கால வேப் பண்ணவங்க மூச்சுத் திணறி ஆஸ்பத்திரில விழ ஆரம்பிச்சாங்க, 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர், அதுல 68 சாவு. காரணம்னு முக்கியமா சிக்குனது வைட்டமின் ஈ அசிடேட், தோல் க்ரீம்ல போடறது. டிஎச்சி எண்ணெய் மாதிரியே கெட்டியா, அதே கலர்ல இருக்கறதால, பெரும்பாலும் கள்ள மார்க்கெட் ஆளுங்க எண்ணெயை நீட்டறதுக்கு ஊத்தியிருக்காங்க. நோயாளிகளோட நுரையீரல்ல இருந்து எடுத்த திரவத்துல 51 பேர்ல 48 பேருக்கு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி லேப் டெஸ்ட் லிஸ்ட்ல அதைத் தேடணும்னு யாருக்கும் தோணல.

டெல்டா-8ம் (டிஎச்சியோட ஒட்டுன உறவு, அதுலயும் போதை உண்டு) இதே ஓட்டைதான். 2019-க்கு அப்புறம் சிபிடி தேவைக்கு மேல குவிஞ்சு விலை விழுந்ததும், சிபிடியை ஆசிட்ல போட்டு சூடாக்கி டெல்டா-8 டிஎச்சியா மாத்தி, ஹெம்ப்ல இருந்து வந்தது, டெல்டா-9 (இதுவரைக்கும் வெறும் டிஎச்சின்னு சொன்னது இதைத்தான்) இல்ல, அதனால சட்டபூர்வம்னு வித்தாங்க. அந்த ரியாக்ஷன்ல டெல்டா-8 மட்டும் வராது, கூடவே வேற வேற பொருளும் வரும், அதுல பலதுக்கு ஒப்பிட்டுப் பாக்க சுத்தமான ஸ்டாண்டர்டே லேப்ல கிடையாது, ஸ்க்ரீன்ல பேரில்லாத மலையா நிக்கும், ரிப்போர்ட்ல அதுக்கு கட்டமே இருக்காது. அதோட டெல்டா-8ம் டெல்டா-9ம் மெஷின்ல கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வரும், பெரிய டெல்டா-8 மலையோட அடிவாரத்துல சின்ன டெல்டா-9 மறைஞ்சுடும், லேப் அதை இல்லைன்னு எழுதிடும். இன்னொரு பக்கம் டிஎச்சிஏ பூன்னு ஒரு வியாபாரம், டெல்டா-9 0.2 சதவீதம்தான் இருக்கு, சட்டபூர்வ ஹெம்ப்னு போட்டு விக்கறது, டிஎச்சிஏ 20 சதவீதம், பத்த வெச்சா 17 சதவீதத்துக்கு மேல டிஎச்சி. விவசாயிக்கு மொத்த டிஎச்சி கணக்கு, கடைல வெறும் டெல்டா-9 கணக்கு, நடுவுல ஒரு லாரி போற அளவுக்கு சந்து. 2025 நவம்பர்ல அமெரிக்க காங்கிரஸ் அந்தச் சந்தை அடைக்க, ஹெம்ப்போட இலக்கணத்தையே மொத்த டிஎச்சின்னு மாத்தி, கடைசிப் பொருள்ல ஒரு டப்பாவுக்கு 0.4 மில்லிகிராம்னு எல்லை போட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு அமலாகற மாதிரி. ஒரு பெரிய பாட்டில் எண்ணெய்ல 0.4 மில்லிகிராமைத் துல்லியமா அளக்கறது, 20 சதவீதத்தை அளக்கறதை விட ரொம்பக் கஷ்டமான வேலை, பல லேப் இனிமேதான் அதுக்கு மெதட் சரி பண்ணணும்.

கடைசியா காசு விஷயம். அமெரிக்க மாநிலங்கள்ல பெரும்பாலும் விக்கறவர்தான் லேபைத் தேர்ந்தெடுத்து காசு குடுக்கறாரு. அதிக டிஎச்சி காட்டற லேபுக்கு ஆர்டர் போகும், நேர்மையா 19 சதவீதம்னு எழுதுற லேப் கஸ்டமரை இழக்கும். வாஷிங்டன் மாநில டேட்டாவை அலசி 2018-ல வந்த ஆய்வுல, ஒரே மாதிரிப் பூவுக்கே சில லேப் எப்பவும் தூக்கலா, சில லேப் எப்பவும் தாழ்வா போடறது தெரிஞ்சுது. 2021-ல வாஷிங்டன், நெவாடா டேட்டாவை வெச்சு இன்னொண்ணு, 20 சதவீதங்கிற இடத்துல ரிசல்ட்கள் திடீர்னு எகிறுது, 19.8 கம்மியா இருக்கு, 20.1 குவியலா இருக்கு. செடிக்கு 20 ஒரு ரவுண்டு நம்பர்னு தெரியாது, அந்தக் குவியலை மனுஷங்கதான் பண்ணியிருக்கணும். 2023-ல கொலராடோ கடைகள்ல பூ வாங்கி திரும்ப டெஸ்ட் பண்ணுன ஆய்வுல, லேபிள்ல போட்ட குறைஞ்ச நம்பரை விட சராசரியா 23 சதவீதம் கம்மியா வந்துச்சு. சிபிடிலயும் இதேதான், 2017-ல ஆன்லைன்ல வாங்குன 84 பொருள்ல 31 சதவீதம்தான் லேபிளோட ஒத்துப்போச்சு, 18 பொருள்ல டிஎச்சியும் இருந்துச்சு, ஆபீஸ்ல யூரின் டெஸ்ட் பண்ற ஊர்ல இது ஒருத்தர் வேலையையே காவு வாங்கும்.

இதுக்கு மருந்து கொஞ்சம் கொஞ்சமா வருது. ஐஎஸ்ஓ 17025ங்கிற லேப்களுக்கான சர்வதேசத் தர அங்கீகாரம் லேபுக்கு சிஸ்டம் இருக்கான்னு பாக்கும், நல்லதுதான், ஆனா யாரு எந்த மொட்டை சாம்பிளுக்கு எடுத்தாங்கன்னு அது தினமும் வந்து பாக்காது. அமெரிக்க அளவீட்டு நிறுவனம் நிஸ்ட் 2020-ல இருந்து லேப்களுக்கு ஒரே சாம்பிளை அனுப்பி யாரு எவ்வளவு சொல்றாங்கன்னு ஒப்பிடறாங்க, 2024-ல அளவு உறுதி செஞ்ச ஹெம்ப் தூளையே ஒரு ஒப்பீட்டுப் பொருளா வெளியிட்டாங்க, இனி லேப் தன் மெஷினை அதை வெச்சு சரிபாத்துக்கலாம். கலிஃபோர்னியா பூவோட வீரியத்துக்கு எல்லா லேபும் ஒரே எச்பிஎல்சி முறையைத்தான் பயன்படுத்தணும்னு 2024-ல அமல்படுத்துச்சு. எனக்கு இதெல்லாம் விட நம்பிக்கை தர்றது ஒண்ணுதான், அரசே கடைல போய் சாதாரண கஸ்டமர் மாதிரி அலமாரில இருந்து எடுத்து வந்து, யாரு தயாரிச்சதுன்னு லேபுக்குச் சொல்லாம டெஸ்ட் பண்ண வைக்கறது. அது நடக்கற வரைக்கும், பாக்கெட்ல இருக்கற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி ரிப்போர்ட்டை திறந்தா முதல்ல பாக்க வேண்டியது பெரிய எழுத்துல இருக்கற டிஎச்சி நம்பரை இல்ல. பேட்ச் நம்பர் பாக்கெட்டோட ஒத்துப்போகுதா, டெஸ்ட் தேதி எப்ப, டெஸ்ட் பண்ணது கடைசிப் பொருளையா இல்ல உள்ள போட்ட எண்ணெயை மட்டுமா, பூச்சி மருந்துக்கும் உலோகத்துக்கும் நம்பர் போட்டிருக்காங்களா இல்ல வெறும் பாஸ்னு மட்டும் எழுதியிருக்காங்களான்னு பாருங்க. நிறைய ரிப்போர்ட்ல வீரியத்துக்கு மட்டும் ஒரு பக்கம் இருக்கும், மத்த டெஸ்ட் எல்லாம் செய்யலைன்னு அடில பொடி எழுத்துல போட்டிருக்கும்.